ஆறாம் வகுப்பில் எத்தனை பேர்?

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் காலையில் ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டிலிருந்து மேற்கே அய்யனார் கோவில் பக்கம் ஒரு நடை போய்வந்தால், ஊரில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. மதில் நீளத்துக்குப் பிளக்ஸ் கட்டியிருப்பார்கள். பிள்ளைகளின் சின்னப் படங்கள், பக்கத்திலேயே மார்க், ஓரத்தில் நிர்வாகியின் பெரிய படம், நடுவில் தடித்த எழுத்தில் ‘100 சதவீதத் தேர்ச்சி’. அரசுப் பள்ளிகளும் இப்போது பின்தங்கிவிடவில்லை. வாசல் கேட்டில் அவர்களும் ஒன்று கட்டுகிறார்கள். நல்லதுதான். அந்தப் பிள்ளைகளின் படம் வேறு எங்கே வரப்போகிறது?

நான் கணக்கு வாத்தியார். மலையடிவாரத்துப் பள்ளிக்கூடங்களிலேயே சர்வீஸ் முழுவதும் ஓடிவிட்டது. எண்ணைப் பார்த்தால் கால் தானாக நின்றுவிடும். நின்று எல்லாவற்றையும் வாசிப்பேன். பள்ளிக்கூடத்து ஆள் யாராவது பக்கத்தில் இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: “தம்பி, இந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது எத்தனை பேர் இருந்தார்கள்?”

பதில் சட்டென்று வராது. “ரெக்கார்டில் இருக்கும் சார்” என்பார்கள். இருக்கும். அதை யாரும் பிளக்ஸில் போடுவதில்லை என்பதுதான் என் குறை.

தேர்ச்சி சதவீதம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்பதுதான் அது. ஹால் டிக்கெட் வந்தும் எழுத வராதவன் அந்தக் கணக்கில் கிடையாது. ஒன்பதாம் வகுப்போடு தறிக்குப் போனவனைப் பற்றிப் பேச்சே இல்லை. 2023-இல் பிளஸ் டூ முடிவு வந்தபோது மாநிலத் தேர்ச்சி 94.03 சதவீதம். 97.85 சதவீதத்தோடு நம் விருதுநகர் மாவட்டம் மாநிலத்திலேயே முதலிடம். பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது, நானும் வெட்டி வைத்தேன். ஆனால் அதே ஆண்டு மார்ச் 13-ஆம் தேதி தமிழ்த் தேர்வன்று மாநிலம் முழுக்க 50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் தேர்வுக்கே வரவில்லை. தமிழ்ப் பரீட்சைக்கு! தாய்மொழிப் பரீட்சை எழுத ஐம்பதாயிரம் பேர் வரவில்லை என்றால், அவர்கள் அன்று காலையில் தூங்கிப் போய்விட்டார்கள் என்று அர்த்தமில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு எப்போதோ போனவர்கள், பெயர் மட்டும் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வகுப்புப் பிள்ளைகள் கொரோனா காலத்தில், 2021-இல், பத்தாம் வகுப்பைத் தேர்வில்லாமலே தாண்டியவர்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். முடிவு வந்த அன்று 94-ஐப் பேசியவர்கள் அந்த ஐம்பதாயிரத்தைப் பேசவில்லை.

முதலிடம் என்பது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. வருஷம் தவறாமல் விருதுநகர்தான் முதல் என்று மற்ற மாவட்டத்து வாத்தியார்கள் பெருமூச்சு விட்ட காலத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். நடுவில் இடம் கை மாறியது. 2018-இல் 97.05 சதவீதத்தோடு திரும்ப வந்தது, பிறகு திருப்பூருக்குப் போனது, பெரம்பலூருக்குப் போனது, 2025-இல் அரியலூர் எடுத்துக்கொண்டது. போகட்டும். வறண்ட மாவட்டங்கள் ஒன்றையொன்று படிப்பில் முந்துவதைப் போல நல்ல பந்தயம் உண்டா? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். படிப்பில் இத்தனை தடவை முதலில் நின்ற இதே விருதுநகரை, 2018-இல் மத்திய அரசு நாடு முழுக்கப் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று பட்டியல் போட்டபோது, அதில் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் இரண்டே மாவட்டங்கள்தான் அதில். ராமநாதபுரம் ஒன்று, நாம் ஒன்று. பரீட்சையில் முதல், பிழைப்பில் கடைசி வரிசை. கணக்கு வாத்தியாருக்கு இது உறுத்தாமல் இருக்குமா?

இந்தப் படிப்பு வெறி எங்கிருந்து வந்தது என்பது ஒரு பெரிய கதை. சுருக்கமாகச் சொல்கிறேன். மழை மறைவுப் பிரதேசம், கரிசல் காடு, மானாவாரிப் பருத்தி. நிலத்தை நம்ப முடியாதவன் வியாபாரத்தை நம்பினான், அதுவும் கைவிட்டால் படிப்பை நம்பினான். விருதுநகரில் 1889-இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கியவர்கள் அரசாங்கப் பணத்தை எதிர்பார்த்து உட்காரவில்லை. கடைக்காரர்கள் மகமை கொடுத்தார்கள். வீட்டில் உலை வைக்கிற பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு வைத்தார்கள். அந்தப் பிடி அரிசியில் நடந்த பள்ளிக்கூடம் அது. சம்பளம் கேட்காமல் பிள்ளைகளைச் சேர்த்தது.

அந்தப் பள்ளியில் படித்த ஒரு பையன் ஆறாம் வகுப்போடு நின்றுபோனான். அப்பா இறந்துவிட்டார், குடும்பத்தில் வருமானம் இல்லை, மாமா கடைக்குப் போக வேண்டியதாயிற்று. காமராசர்தான். நம் மாவட்டம் பெற்ற பிள்ளைகளிலேயே பெரியவர், இன்றைய பாஷையில் சொன்னால், ஒரு டிராப் அவுட். 1954-இல் முதலமைச்சரானதும் அவர் பள்ளிக்கூடம் இல்லாத ஊரைத் தேடித் தேடித் திறந்ததையும், 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்ததையும் எல்லோரும் மேடையில் சொல்கிறோம். அந்தச் சோறு யாருக்கு? நன்றாகப் படிக்கிறவனுக்குப் பரிசாக வைத்த சோறா? இல்லை. பசி வந்ததும் எழுந்து போய்விடக்கூடிய பையனை மத்தியானத்துக்கு மேலும் உட்கார வைக்கப் போட்ட சோறு. 1958 முதல் கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராக நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் அப்படித்தான். ஊர்க்காரர்கள் பெஞ்சு, கரும்பலகை, சீருடைத் துணி, ஓட்டுக்கூரை என்று அவரவரால் முடிந்ததைக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். பிள்ளையை உள்ளே நிறுத்தி வைப்பது, அதுதான் அந்தக் காலத்தின் ஒரே கவலை. மார்க் பிறகு வந்தது.

சிவகாசிப் பக்கம் அந்தக் கவலை தீர இன்னும் வெகுகாலம் ஆயிற்று. எண்பதுகளில் விடியுமுன்னே தீப்பெட்டியாபீசு வண்டி ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. பாஸ்பரஸ் வாடையோடு இருட்டிய பிறகு திரும்புவார்கள். 1986-இல் சட்டம் வந்தது. அதன் பிறகு குழந்தைத் தொழிலாளர்களுக்கென்று சிறப்புப் பள்ளிகள் வந்தன. தீப்பெட்டியாபீசுக்குப் போன பிள்ளைகளைப் பள்ளிக்குத் திருப்பியதில் எத்தனையோ பேருடைய உழைப்பு இருக்கிறது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகள்தான் 2023-இல் 97.85-இல் நின்றவர்கள்.

இனி என் மலையடிவாரத்துக்கு வருகிறேன்.

ராஜபாளையத்துக்கு மேற்கே போனால் இரண்டு பக்கமும் மாந்தோப்பு, தென்னந்தோப்பு. நகராட்சிக்குக் குடிதண்ணீர் தருகிற ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தையும் தாண்டினால் காடு. காட்டுக்குள் ஆற்றோரத்தில் நீர் காத்த அய்யனார். ஆடியிலும் சித்திரையிலும் கூட்டம் கூட்டமாக வந்து குளித்துக் கும்பிட்டுப் போகிறவர்களுக்கு அது சாமி இருக்கிற இடம். 1980களின் கடைசியில் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் என்று அரசு பலகை மாற்றிக்கொண்டே வந்த இடமும் அதுதான். ஆனால் அங்கேயே குடியிருக்கிறவர்களும் உண்டு. தோப்புக் காவலுக்கு மோட்டார் ரூமை ஒட்டிக் குடிசை போட்டுக்கொண்ட குடும்பங்கள். கோவிலை ஒட்டிப் பளியர் என்ற பழங்குடியினரின் குடியிருப்பு. இதேபோல ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பில், வத்திராயிருப்புப் பக்கம் தாணிப்பாறையில். இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வருவது என்றால் ஐப்பசி கார்த்திகையில் ஆற்றைக் கடந்து வருவது. மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கிவிடும். கோவிலுக்குப் போன கூட்டம் அக்கரையில் மாட்டிக்கொண்டு, தீயணைப்புப் படை கயிறு கட்டி மீட்டதை வருஷா வருஷம் செய்தியில் பார்க்கிறோம். பிள்ளைகளுக்கு யார் கயிறு கட்டுவது? அரையாண்டுத் தேர்வும் அந்த மழையை ஒட்டி டிசம்பரில்தான் வரும். தண்ணீர் இல்லாத காலத்தில் யானை. தோப்பில் இறங்கித் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போன மறுநாள் எந்தத் தாயும் பிள்ளையை அந்தப் பாதையில் அனுப்ப மாட்டாள்.

இதையெல்லாம் சொல்வது அனுதாபத்துக்காக அல்ல. ஒரு பிள்ளை எப்படிப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிறது என்பதைச் சொல்லத்தான். யாரும் ஒரே நாளில் நிற்பதில்லை. முதலில் திங்கட்கிழமை வராது. கேட்டால் காய்ச்சல் என்று பதில் வரும். அப்புறம் ஒரு வெள்ளி, ஒரு திங்கள். வந்தாலும் கடைசி பெஞ்சுக்குப் போகும். நோட்டில் எழுத்து கோணலாகும், தேதி போடுவது நிற்கும். மத்தியானச் சத்துணவுக்கு இருந்துவிட்டு அப்புறம் காணாமல் போகும். பரீட்சை நாளில் மட்டும் வரும். பிறகு அதற்கும் வராது. வருகைப் பதிவேட்டைச் சும்மா ‘பிரசன்ட் சார்’ எழுதுகிற புத்தகமாக நினைக்காமல் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்கிற வாத்தியாருக்கு இது இரண்டு மாதம் முன்னாலேயே தெரிந்துவிடும். நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி, வராத நாளுக்குப் போடுகிற சிவப்பு மை ‘ஆ’ எந்தெந்தக் கிழமையில் விழுகிறது என்று பார்த்தாலே போதும். திங்கட்கிழமை ‘ஆ’ என்றால் பெரும்பாலும் அப்பனின் குடி. வியாழன் வெள்ளி என்றால் வேலை. மாதத்துக்கு ஒருதரம் சேர்ந்தாற்போல மூன்று நாள் என்றால், பெண்பிள்ளைக்குப் பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்று அர்த்தம். அதற்குக் காரணம் பிள்ளை வீட்டில் இல்லை, நம்மிடம் இருக்கிறது.

எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் இருந்தார். இங்கிலீஷ் எடுப்பார். சாயந்தரம் மணி அடித்ததும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சத்துணவு அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு, வராத பிள்ளை வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். நானும் சில தடவை கூடப் போயிருக்கிறேன். ஒரு வீட்டில் எட்டாம் வகுப்புப் பெண், நன்றாகப் படிக்கிறவள், மூன்று வாரமாக வரவில்லை. அம்மா நூல் மில்லில் வேலை. ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். தலைமயிரில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது. “டீச்சர், அவ வயசுக்கு வந்துட்டா. இவ்வளவு தூரம் தோப்புக்குள்ள தனியா எப்படி அனுப்ப? எனக்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரைக் கேக்க?” என்றாள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. டீச்சர் கல்வியின் பெருமையைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை. “அதே பாதையில் இன்னும் எத்தனை வீட்டுப் பிள்ளைக வருது?” என்று கேட்டார். நாலு பேர் என்று தெரிந்தது. அந்த நாலு பேரையும் ஒரே நேரத்தில் கிளம்பச் சொல்லி, தோப்பில் காவல் இருக்கிற பெரியவர் ஒருவரைப் பாதையின் பாதியில் நிற்கச் சொல்லி, மறுநாளே ஏற்பாடு முடிந்தது. அந்தப் பெரியவருக்கு இதில் ஒரு காசு வரும்படி இல்லை. அந்தப் பெண் பத்தாம் வகுப்பில் எத்தனை மார்க் என்று கேட்காதீர்கள். சராசரிதான். பிளக்ஸில் வருகிற மார்க் கிடையாது. ஆனால் பன்னிரண்டு வரை வந்தாள்.

உயர்நிலைப் பள்ளி என்றால் பத்தோடு முடிந்துவிடும் என்பதை வெளியூர்க்காரர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பு பாஸாகி டி.சி. வாங்கிய அன்றைக்கு அந்தப் பள்ளியின் கடமை முடிந்தது என்று ரெக்கார்டு சொல்லும். பதினொன்றாம் வகுப்புக்கு டவுனுக்குப் போக வேண்டும். பஸ் பாஸ் உண்டு, பதினொன்றில் இலவச சைக்கிளும் உண்டு. ஆனால் ஜூனில் சேர வேண்டும், சைக்கிள் கைக்கு வரப் பல மாதம் ஆகும். அந்த மே, ஜூன் இரண்டு மாதம்தான் கண்டம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி சும்மா இருக்காது. மில்லுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் வீடு தேடி வருவார்கள். மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று பேசுவார்கள். பையன் தேங்காய் லோடுக்குப் போய் முதல் சனிக்கிழமை கையில் பணம் வாங்கிவிட்டான் என்றால் அப்புறம் அவனை வகுப்பில் உட்கார வைப்பது கஷ்டம். ஜூலையில் போய்க் கூப்பிடுவதில் பயனில்லை, மே மாதமே போக வேண்டும். மே மாதம் வாத்தியாருக்கு லீவு. நான் சொல்ல வருவது புரியும்.

சாதனை, சாதனை என்கிறோமே, மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் எது சாதனை என்று எனக்கு ஒரு கருத்து உண்டு. மாநில ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தையே 2017-இல் அரசு நிறுத்திவிட்டது. நல்ல காரியம். நான் சாதனை என்பது வேறு. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்று ஒரு தேர்வு இருக்கிறது. பல பெற்றோருக்குப் பெயரே தெரியாது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்கில் விழும். அடுத்த வருஷம், ஒன்பதாம் வகுப்பில், ஊரகத் திறனாய்வுத் தேர்வு. மாவட்டத்துக்கு ஐம்பது ஆண், ஐம்பது பெண். அதில் தருகிற பணம் வருஷம் 1,000 ரூபாய்தான், இன்றைக்கு அது ஒரு ஜோடிச் செருப்புக்குத்தான் காணும். ஆனாலும் அந்தச் சான்றிதழை வீட்டுச் சுவரில் மாட்டிய பிறகு எந்த அப்பனுக்கும் “போதும்ப்பா படிச்சது” என்று சொல்ல வாய் வராது. ஒரு வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை என்.எம்.எம்.எஸ். தேறினாலும் அடுத்த வருஷம் பத்துப் பிள்ளைகள் தானாக விண்ணப்பம் கேட்டு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரிச் சாதனைதான் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்துகிறது. டவுன் பள்ளிகள் 600-க்கு 590-ஐக் கொண்டாடட்டும். நாங்கள் இதைக் கொண்டாடுவோம்.

ஆனால் தேறினாலும் சில பிள்ளைகளுக்குக் கதவு திறப்பதில்லை. பளியர் குடியிருப்பிலிருந்து ஒரு பையன் வந்தான். தேன் காலத்தில் அப்பாவோடு மலைக்குப் போய்விடுவான், நாலு வாரம் கழித்து வருவான். பதிவேட்டில் பெயரை அடிக்காமல் வைத்திருந்தோம். சாதிச் சான்றிதழ் இல்லாததால் அவனுக்கு உரிய இடஒதுக்கீடு எதிலும் கேட்க முடியவில்லை. பழங்குடியினருக்குச் சான்றிதழ் தாசில்தார் கொடுத்தால் செல்லாது, கோட்டாட்சியர் கொடுக்க வேண்டும். அதற்கு விசாரணை. ஓர் அலுவலகத்தில் “உங்க அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்கா?” என்று கேட்டார்கள். அப்பா பள்ளிக்கூடமே போகாதவர், அவருக்கு எதற்குச் சான்றிதழ்? பள்ளிக்கூடம் போனால்தான் அந்தக் காகிதம் வேண்டும், அந்தக் காகிதம் இருந்தால்தான் மேலே படிக்க முடியும். பாட்டி ஒருத்தி பையனோடு படி ஏறி இறங்கினாள். கடைசியில் கிடைத்தது, அதற்குள் அவன் ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வயதைத் தாண்டியிருந்தான். இப்போது குடியிருப்புக்கே போய் முகாம் நடத்திச் சான்றிதழ் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது, அதைத் தொடங்கிய அதிகாரி யாராயிருந்தாலும் அவர் காலுக்கு ஒரு கும்பிடு.

ஊர் என்ன செய்கிறது? ஊர் நிறையச் செய்கிறது. கல்விச் சீர் என்று இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறதே, அதைப் பார்த்திருப்பீர்கள். கல்யாணச் சீர் கொண்டுபோகிற மாதிரியே மேளம் முன்னால் போகும். பெண்கள் தாம்பாளத்தில் பழம், வெற்றிலைபாக்கோடு நோட்டு, பென்சில் பெட்டி, எவர்சில்வர் குடம், சுவர்க் கடிகாரம் எல்லாம் வைத்து வரிசையாக வருவார்கள். ஆண்கள் தலையில் பிளாஸ்டிக் நாற்காலியும் பீரோவும். தலைமை ஆசிரியர் சந்தனம், குங்குமத்தோடு வாசலில் நின்று சம்பந்தி மாதிரி வரவேற்பார். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். பள்ளிக்கூடம் கவர்மெண்டுடையது என்ற நினைப்பு போய், நம் வீட்டுக் காரியம் என்று ஊருக்குத் தோன்றுகிற ஒரே நாள் அது. பீரோவில் பாதிக்கு ‘உபயம்’ என்று பெயர் எழுதுகிறவர்களை மட்டும் யாராவது கையைப் பிடித்து நிறுத்தினால் தேவலை.

ராஜபாளையத்தில் கொடுக்கிற குணத்துக்குப் பஞ்சமில்லை. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தன் வீட்டையே ஊருக்குக் கொடுத்தார், அதுதான் இன்றைய காந்தி கலை மன்றம். மில் முதலாளிகள் பள்ளிக்கூடங்களாகவே கட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-இல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இன்றைக்கும் திறந்திருக்கிறது. நூற்றைம்பது வருஷமாக ஒரு சிற்றூர் நூலகத்தைக் காப்பாற்றியிருக்கிறது என்றால் அந்த ஊரைக் குறை சொல்ல எனக்கு வாய் கூசும். ஆனால் கட்டடம், நாற்காலி, விசிறி எல்லாம் ஒரு நாளில் கொடுத்து முடிக்கிற பொருள். அந்தத் தோப்புக் காவல் பெரியவர் கொடுத்ததை ஒவ்வொரு நாளும் காலையிலும் சாயந்தரமும் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு மேளம் அடிக்கவும் முடியாது.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. 100 சதவீதத்துக்காக ஒன்பதாம் வகுப்பிலேயே வடிகட்டுகிற பள்ளிகள் இருக்கின்றன. பெயர் சொல்லப் போவதில்லை, ஊருக்கு ஊர் உண்டு. “உங்க பையனுக்கு இங்க ஒத்துவராது, வேற ஸ்கூல்ல சேத்துக்கங்க, டி.சி. தர்றோம்” என்று நல்ல வார்த்தையாகவே சொல்வார்கள். அந்தப் பையன் பெரும்பாலும் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளிக்குத்தான் வருவான். அங்கே அவனும் பத்தாம் வகுப்பு எழுதுவான், ஒருவேளை ஒரு பாடத்தில் போவான். அரசுப் பள்ளி 93 சதவீதம், அந்தப் பள்ளி 100 சதவீதம் என்று மறுநாள் பேப்பரில் வரும். அனுப்பியவன் நூறு வாங்கினான், சேர்த்துக்கொண்டவன் தொண்ணூற்று மூன்று வாங்கினான். இதில் எது நல்ல பள்ளி? என்னைக் கேட்டால் தொண்ணூற்று மூன்றுதான், இரண்டாவது யோசனையே கிடையாது. மாலைநேர வகுப்பு, மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி, சனிக்கிழமை டெஸ்ட் என்று விருதுநகர் மாவட்டத்து அரசுப் பள்ளி வாத்தியார்கள் எடுத்த கஷ்டத்துக்கு அந்த 93-இல்தான் அர்த்தம் இருக்கிறது.

இப்போது கேள்வியின் காரணத்துக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பு என்று ஏன் பிடிவாதமாகக் கேட்கிறேன்? 2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. யாருக்கு? ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. 2022-இல் புதுமைப் பெண் திட்டம் வந்தது, கல்லூரி போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். அதற்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. பையன்களுக்கு 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வனும் அப்படியே. அரசாங்கமே ஆறாம் வகுப்புப் பதிவேட்டைப் பார்த்துத்தான் இடமும் பணமும் தருகிறது. நடுவில் அறுந்து போன பிள்ளைக்கு இந்த மூன்றும் கிடையாது. ஊர்க்காரர்களாகிய நாம் மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

நம்மிடம் இதைக் கேட்க ஓர் இடமும் இருக்கிறது. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் பெரும்பான்மை பெற்றோர்தான். பாதிப் பேர் பெண்கள். 2024-இல் குழுவைப் புதிதாக அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். கூட்டம் நடக்கிறது, கையெழுத்து வாங்குகிறார்கள், டீயும் பிஸ்கட்டும் வருகிறது. கழிப்பறைக் கதவு, சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பேசுகிறார்கள். பேச வேண்டியவைதான். ஆனால் வராத பிள்ளைகளின் பட்டியலை எடுத்து வாசியுங்கள் என்று கேட்கிற ஆள் அபூர்வம். வாசித்தால் அந்த அறையிலேயே பாதிப் பேருக்கு அந்த வீடுகள் தெரிந்திருக்கும். “அவனா, எங்க தெருப் பையன்தானே, அவங்கப்பன்கிட்ட நான் பேசுறேன்” என்று ஒரு குரல் வரும். வாத்தியார் பத்துத் தடவை போனாலும் நடக்காத காரியம் அண்ணாச்சி ஒரு தடவை டீக்கடையில் சொன்னால் நடக்கும். அண்ணாச்சியிடம் அந்த அப்பன் கடன்கூட வைத்திருப்பான், அதுவும் நமக்கு உதவும்.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஜூனில் பள்ளி திறந்து, குழுவின் முதல் கூட்டத்துக்குக் கூப்பிடும்போது, வேலையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் போங்கள். பிள்ளை அங்கே படிக்கவில்லை என்றாலும் முன்னாள் மாணவராகப் போகலாம். இரண்டு பதிவேட்டைக் கேளுங்கள். ஐந்து வருஷத்துக்கு முன் சேர்ந்த ஆறாம் வகுப்பு, போன மார்ச்சில் எழுதிய பத்தாம் வகுப்பு. இரண்டிலும் உள்ள பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இல்லாத பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஊர் மாறிப் போனவர்களை அடித்துவிடுங்கள். மீதி இருக்கிற பெயர்களை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு, அந்த வாரமே அந்த வீடுகளுக்குப் போய் வாருங்கள்.